கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்தவர்

என் தொட்டியில் முதல் மீன் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் நான்கும் போய்விட்டன.

இரண்டு கோமாளி மீன்கள், இரண்டு பங்காய் மீன்கள். பகுதிநேர வேலையில் சேர்த்த காசில் உப்புநீர்த் தொட்டி அமைத்து, ஒரு மாதம் நீரைப் பக்குவப்படுத்தி, பிறகுதான் கோமாளி மீன்களை வாங்கினேன். அதுவரை பொறுமையாகத்தான் இருந்தேன். அவை நன்றாகத் தின்று நீந்தியதைப் பார்த்ததும் ஆசை அதிகமாகிவிட்டது. மறுமாதம் பங்காய் மீன்களை வாங்கிவந்து, பையைத் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, அப்படியே உள்ளே விட்டுவிட்டேன். வெள்ளி உடலில் கறுப்புப் பட்டைகள், துடுப்புகளில் வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தாம் என்னை ஏமாற்றின. அவை அந்த மீனுக்கு இயற்கையாகவே உள்ளவை. ஆனால், ஐந்தாம் நாள் கண்ணுக்கருகிலும் வயிற்றிலும் தெரிந்த, உப்புத் தூவியது போன்ற புள்ளிகள் இயற்கையானவை அல்ல. அது வெண்புள்ளி நோய். கோமாளி மீனின் ஆரஞ்சு உடலில் அதே புள்ளிகளைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவை மேல்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

கொவிட்-19 காலத்தில் தனிமைப்படுத்தும் உத்தரவு என்றால் என்னவென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஹோட்டல் அறையில் இரண்டு வாரம் அடைந்து கிடந்ததைப் பார்த்தோம். அந்தப் பாடத்தை ஒரு மீனுக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பாட்டிதான் கேட்டார், புதிதாக வந்ததை ஏன் உடனே மற்றவற்றோடு சேர்த்தாய் என்று. ஊரில் புது மாடு வாங்கினால்கூடச் சில நாள் தனியாகக் கட்டிவைத்துப் பார்ப்பார்களாம்.

இப்போது என் அறையில் 40 லிட்டர் கொள்ளளவுள்ள இன்னொரு தொட்டி இருக்கிறது. அடியில் மணல் இல்லை, பாறை இல்லை. ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், ஒரு பஞ்சு வடிகட்டி, ஒரு சூடேற்றி. அவ்வளவுதான். அதில் இரண்டு புதிய பங்காய் மீன்கள் 30 நாள் தனிமையில் இருக்கின்றன. அந்தக் காத்திருப்பின்போதுதான், உப்பு கலக்கும் வாளிக்கு முன்னால் உட்கார்ந்தபடி, இந்த வேலையை முதலில் செய்தவர் யார் என்று தேடினேன். கிடைத்த பெயர் பிலிப் ஹென்ரி காஸ். 

அவர் பிறந்தது 1810ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில். தந்தை ஊர் ஊராகச் சென்று சிறிய உருவப்படங்கள் வரைந்து பிழைத்த ஓவியர். குடும்பத்தில் பணத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு. பிள்ளை வளர்ந்தது பூல் என்ற துறைமுக ஊரில். அங்கே ஓர் அத்தை அவருக்குக் கடற்கரை உயிர்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார். பாறைக் குழியில் பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தியை எடுத்துக் கடல்நீர் நிறைந்த பாத்திரத்தில் வைத்துப் பார்க்கத் தூண்டியவரும் அவரே. தந்தையிடம் நுண்ணிய ஓவியக்கலை, அத்தையிடம் கடல். பின்னாளில் அவர் எழுதிய நூல்களில் இரண்டும் கலந்திருக்கின்றன.

பள்ளிப் படிப்பு நீளவில்லை. 15 வயதில் ஒரு வணிக அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். 17 வயதில், அதாவது 1827இல், கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்துக்குச் சென்றார். கார்போனியர் என்ற ஊரில் மீன், கடல்நாய்த்தோல் வணிகம் செய்த ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை. குளிர் நிறைந்த அந்த ஊரில் 1832இல் நுண்ணோக்கி பற்றிய ஒரு பழைய புத்தகத்தை வாங்கினார். அவர் வாழ்க்கை திசை மாறியது அங்கேதான். பல்கலைக்கழகம் இல்லை, ஆசிரியர் இல்லை. பகலில் கணக்குப் புத்தகம், மற்ற நேரத்தில் பூச்சிகளை வரைவது.

அதன்பின் சில ஆண்டுகள் தோல்விகளே. 1835இல் கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார், மண் ஒத்துழைக்கவில்லை. 1838இல் அமெரிக்காவின் அலபாமாவில் கிராமப் பள்ளி ஆசிரியராகச் சில மாதங்கள் இருந்தார். அங்கு அடிமைகள் நடத்தப்பட்ட விதம் அவரைக் கலங்கடித்தது. 1839இல் கையில் காசில்லாமல் இங்கிலாந்து திரும்பினார். ஆனால், பெட்டியில் குறிப்பேடுகளும் ஓவியங்களும் இருந்தன. 1840இல் கனடாவின் இயற்கை பற்றிய அவரது முதல் நூல் வெளிவந்தது. 1844இல் ஜமைக்கா சென்று ஏறத்தாழ 18 மாதங்கள் பறவைகளை ஆராய்ந்தார். அங்கு அவருக்கு உதவியவர் சாமுவேல் கேம்பல் என்ற உள்ளூர் இளைஞர். அவருடைய உழைப்பைத் தம் நூலில் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார் காஸ். அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகள் பலர் செய்யாத காரியம் அது.

1848இல் எமிலி போவ்ஸ் என்ற எழுத்தாளரை மணந்தார். மறு ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் மகன் பிறந்த செய்தியை எழுதிய கையோடு, ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் வந்துசேர்ந்ததையும் குறித்து வைத்தார். பாசமில்லாதவர் என்று இதைப் படித்ததும் நினைத்தேன். முழுக் கதையையும் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை. வந்து சேரும் எந்த உயிரையும் பதிவு செய்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

ஓயாத எழுத்து வேலையால் உடல்நலம் கெட்டு, 1852இன் தொடக்கத்தில் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தார். வற்றும் அலையின்போது இடுப்பளவு நீரில் இறங்கி, உளியும் சுத்தியலுமாகப் பாறையைச் செதுக்கி, கடல் சாமந்திகளை வீட்டுக்கு எடுத்துவந்தார். அவற்றை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர் அல்லர். சிசிலித் தீவில் 1830களிலேயே ஜான் வில்பிரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி கண்ணாடித் தொட்டிகளில் கடலுயிர்களை வைத்து ஆராய்ந்தார். லண்டனில் ஆனா தின் என்ற பெண்மணி 1846 முதல் பவளங்களை வளர்த்தார். நீருக்குக் காற்றூட்ட, திறந்த சன்னலுக்கு அருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியது பணிப்பெண்ணின் வேலை. இன்று என் தொட்டியில் சில வெள்ளி விலையுள்ள காற்றுக் குழாய் அதைச் செய்கிறது. ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், நீர்த் தாவரம் வெளிவிடும் உயிர்வாயுவும் மீன் வெளிவிடும் கரியமில வாயுவும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதை 1850இல் தங்கமீன் தொட்டியில் காட்டினார். காஸ் இதே கொள்கையைக் கடல்நீரில் தாமும் தனியே சோதித்துப் பார்த்து, யாரும் செய்யக்கூடிய முறையாக எழுதினார். அவரது பங்கு அதுதான், அது சிறிய பங்கு அன்று.

1853ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. உலகின் முதல் பொது மீன்காட்சியகம் அது. அதற்கான கடலுயிர்கள் பலவற்றைப் பிடித்து அனுப்பியவர் காஸ். மறு ஆண்டு, தாமே வரைந்த வண்ணப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் இருந்த சொல்தான் அக்வேரியம். அதற்கு முன் அந்தச் சொல்லைத் தோட்டக்காரர்கள் நீர்த் தாவரத் தொட்டிக்குப் பயன்படுத்தி வந்தார்கள். நாம் இன்று சொல்லும் பொருளில் அதை நிலைநிறுத்தியது அவரே.

உப்பு வாளிக்கு வருகிறேன். கடற்கரையில் வாழ்பவர்களுக்குக் கடல்நீர் இலவசம். லண்டனில் இருப்பவர்களுக்கு? கப்பலிலோ ரயிலிலோ தருவிக்க வேண்டும், செலவு அதிகம். 1854இல் காஸ், பிரைட்டன் கடல்நீரை ஆராய்ந்த ஒரு வேதியியல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கே நான்கு உப்புகளால் கடலைக் கலக்கினார். அவருடைய அவுன்ஸ் கணக்கைக் கிராமுக்கு மாற்றினால் ஏறத்தாழ இப்படி வரும்: சமையல் உப்பு 100 கிராம், எப்சம் உப்பு 7 கிராம், மக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு 2.5 கிராம், இவற்றுக்கு நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர். கலந்ததும் உயிர்களை உள்ளே போட்டுவிடவில்லை. வடிகட்டினார். முதலில் கடற்பாசிகளை மட்டும் விட்டார். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே விலங்குகள்.

இன்றைய கண்ணோட்டத்தில் அந்தக் கலவையில் குறைகள் உண்டு. சுண்ணாம்புச்சத்து இல்லை, அதில் பவளம் வளராது. என் உப்புப் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் என்று அளவு போட்டிருக்கிறது. அவருடையது அதைவிட நீர்த்தது. ஆனால், உயிர்கள் அதில் வாழ்ந்தன. கடலைப் பார்த்தே இராத ஊரில் கடலுயிரை வளர்க்கலாம் என்ற கதவு அன்று திறந்தது.

அந்த ஒரு வாரக் காத்திருப்பைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒட்டுண்ணி பற்றி அவருக்கு எதுவும் தெரிய வாய்ப்பில்லை. கடல்மீனின் வெண்புள்ளி நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை அறிவியலாளர்கள் விவரித்தது 20ஆம் நூற்றாண்டில்தான். ஆயினும், தொட்டி என்பது வெளியே போக வழியில்லாத ஓர் இடம், அங்கே ஒன்று இறந்து அழுகினால் எல்லாம் சாகும் என்பது அவருக்குத் தெரியும். நமக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டி, கூடு கட்டிக்கொள்ளும். உள்ளே அது நூற்றுக்கணக்காகப் பெருகி, சில நாளிலோ பல வாரம் கழித்தோ, வெளிவந்து அடுத்த மீனைத் தேடி நீந்தும். கடலில் அவற்றுக்கு மீன் கிடைப்பது அரிது. பெரும்பாலானவை இரண்டு நாளுக்குள் மடிந்துவிடும். என் தொட்டியில் மீன்கள் ஒரு முழம் தள்ளித்தான் இருந்தன.

மருந்தாகிய தாமிரம் கொல்வது நீந்தும் பருவத்தை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால்தான் இத்தனை வாரம். நான் பயன்படுத்தும் வகையில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் அளவு நிற்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். வேறு வகைத் தாமிர மருந்துக்கு வேறு அளவு. போத்தலில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும். பெரிய தொட்டியில் இதை ஊற்ற முடியாது. இறாலும் நத்தையும் பவளமும் அதில் பிழைக்கா, பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி அளவைக் குழப்பும். அங்கே செய்ய வேண்டியது வேறு: மீனே இல்லாமல் தொட்டியைக் காயப்போடுவது. நான் 76 நாள் காத்திருந்தேன். விருந்தாளி கிடைக்காத ஒட்டுண்ணி பட்டினியால் ஒழிந்தது. அந்த நாட்களில் ஓர் இறாலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை நண்பர்கள் கிண்டல் செய்தார்கள்.

காஸின் வாழ்க்கையில் அவரால் காப்பாற்ற முடியாத உயிர் ஒன்று உண்டு. 1856ஆம் ஆண்டு, அவர் பிரிட்டனின் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே ஆண்டு, எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. கிருமி நீக்கம் பற்றி மருத்துவர்கள் அறியாத காலம். அறுவை சிகிச்சையே உயிரைப் பறிக்கலாம். கத்திக்குப் பயந்து, லண்டனில் இருந்த ஓர் அமெரிக்க மருத்துவரின் புதுக் களிம்பை நம்பினார்கள். மாதக்கணக்கில் வேதனை. பயன் இல்லை. 1857 பிப்ரவரியில் எமிலி இறந்தார். எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

ஒரு குடும்பத்தின் துயரத்தை என் மீனோடு ஒப்பிடவில்லை. ஆனால், அந்தப் பக்கத்தைப் படித்த இரவு என் கையில் இரண்டாவது மருந்துப் போத்தல் இருந்தது. ஒரு மீன் அன்று உணவைத் துப்பிவிட்டது. தாமிரத்தோடு இன்னொன்றையும் கலந்துபார்க்கலாமா என்ற பதற்றம். போத்தலை மூடி வைத்துவிட்டு முதலில் நீரைச் சோதித்தேன். அம்மோனியா ஏறியிருந்தது. தேவைப்பட்டது மருந்தன்று, நீர் மாற்றம். பாதி நீரை மாற்றி, புது நீருக்கேற்பத் தாமிர அளவையும் சரிசெய்தேன். மறுநாள் மாலை அது தின்றது.

மனைவி இறந்த ஆண்டிலேயே காஸ் இன்னொரு அடியையும் வாங்கினார். ஆழ்ந்த கிறிஸ்துவப் பற்றுள்ள அவர், புவியியல் சொல்லும் நெடுங்காலத்தையும் தம் நம்பிக்கையையும் இணைக்க ஒரு நூல் எழுதினார். உலகம் படைக்கப்பட்டபோதே பழமையின் தடயங்களோடு படைக்கப்பட்டது என்பது அதன் வாதம். அறிவியலாளர்களும் ஏற்கவில்லை, சமயத்தாரும் ஏற்கவில்லை. டார்வினே கடிதம் எழுதித் தகவல் கேட்கும் அளவுக்குக் கூர்மையாகக் கவனித்தவர், தாம் கவனித்தவை எங்கே இட்டுச்செல்கின்றன என்று பார்க்கத் துணியவில்லை. எனக்கு இதில் வருத்தம்தான், ஏளனம் இல்லை.

ஆனால், அவரை அதிகம் வருத்தியது அந்த நூலின் தோல்வியாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அது அவருடைய வெற்றி. 1845இல் கண்ணாடி மீதான வரி நீங்கியிருந்தது, கண்ணாடி மலிவானது. ரயில், நகரத்தாரைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தது. கையில் அவருடைய புத்தகம். 1850களின் பிற்பகுதியில் வரவேற்பறைதோறும் தொட்டி என்று ஒரு மோகம் கிளம்பியது. கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் பாறைக் குழிகளைச் சுரண்டி எடுத்துப் போனார்கள். வீட்டுக்குப் போன உயிர்களில் பல சீக்கிரமே இறந்தன. அவற்றுக்குப் பதிலாக மேலும் பிடித்தார்கள். அவர் சிறு வயது மகனோடு முழங்கால் நீரில் நின்று பார்த்த பூந்தோட்டங்கள் சில ஆண்டுகளில் வெறும் பாறைகளாயின. மகன் எட்மண்ட் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் ஆனார். தந்தையும் தாமும் வாழ்ந்த வாழ்க்கை பற்றி 1907இல் அவர் வெளியிட்ட நூலில் இந்த அழிவை எழுதியிருக்கிறார். தம் புத்தகங்களே அந்தக் கூட்டத்தை அழைத்து வந்தன என்பது தந்தைக்குத் தெரிந்திருந்தது, அது அவரை மிகவும் வாட்டியது என்கிறார்.

இதைப் படித்துவிட்டுப் பங்காய் மீனைப் பற்றித் தேடினேன். இந்தோனீசியாவின் சுலாவசிக்கு அருகே உள்ள பங்காய்த் தீவுகள்தாம் அதன் சொந்த இடம். ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். குஞ்சுகள் கடலோட்டத்தில் பரவாமல் பிறந்த இடத்திலேயே வளரும். அதனால் ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. 1990களில் மீன் வளர்ப்போர் அதை விரும்பத் தொடங்கினார்கள். 2007இல் அது அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. நான் முதலில் வாங்கிய இரண்டும் கடலில் பிடித்தவை. எத்தனை கைகள் மாறி, எத்தனை பைகளில் பயணம் செய்து வந்தனவோ. அவற்றை நான் ஒரே வாரத்தில் கொன்றேன். இப்போது இருப்பவை பண்ணையில் பிறந்தவை. சற்று விலை அதிகம். தேடிப்பிடிக்க மூன்று கடை ஏறி இறங்கினேன்.

காஸ் 1860இல் எலைசா பிரைட்வென்னை மணந்து, டெவனின் செயின்ட் மேரிசர்ச்சில் அமைதியாக வாழ்ந்தார். பிரிட்டனின் கடல் சாமந்திகளைப் பற்றிய அவரது பெருநூல் அக்காலத்தில் முடிந்தது; அதன் படங்களை இன்றும் பார்க்கலாம், ஒவ்வோர் உணர்விழையும் எண்ணி வரைந்தது போலிருக்கும். பிறகு ஆர்க்கிட் செடிகள், வண்ணத்துப்பூச்சிகள், கடைசியில் விண்மீன்கள். 77 வயதில், ஒரு குளிர்கால இரவில், திறந்த சன்னலருகே தொலைநோக்கியோடு நின்றிருந்தபோது சளி பிடித்தது. அதிலிருந்து அவர் முழுமையாகத் தேறவில்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி காலமானார்.

இன்று என் மீன்களுக்கு 26ஆம் நாள். காலையில் தாமிரம் 0.18 காட்டியது, அம்மோனியா இல்லை. கண்ணுக்கருகே புள்ளி எதுவும் இல்லை. துடுப்பில் இருப்பவை அவற்றுக்கே உரியவை. அடுத்த நீர் மாற்றத்துக்கு வாளியில் உப்பு கரைந்துகொண்டிருக்கிறது. தெளிய நாளைவரை ஆகும்.